உங்கள் பூட்டனின் ஊர் எது?



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் குடும்ப மரம் வரைந்துவரும் பணி ஒன்றைக் கொடுத்திருந்தேன். தாத்தா, பாட்டி, அவர்களைப் பெற்றவர்கள், பிறந்த ஊர் என்று நான்கு தலைமுறைக்குக் கட்டங்கள் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் தாள்கள் வந்து சேர்ந்தன. பெற்றோர் கட்டங்கள் நிறைந்திருந்தன. தாத்தா பாட்டி கட்டங்களில் பாதி நிறைந்திருந்தன. அதற்கு மேலே எல்லாம் வெறுமை. ஊர் என்ற கட்டத்தில் பெரும்பாலோர் ‘இந்தியா’ என்று மட்டும் எழுதியிருந்தனர். பாட்டியின் பெயர் என்ற இடத்தில் ஒரு மாணவன் ‘பாட்டி’ என்றே எழுதியிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, “எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க ஐயா” என்றான். வகுப்பே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை என் தாளும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மலேசியத் தமிழர் தம் குடும்ப வரலாற்றை இழந்ததற்குக் காரணம் கேட்டால், “நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லையே, எதை வைத்துத் தேடுவது?” என்று சொல்லிவிடுகிறோம். சீனர்களுக்குக் குலப்பெயர் உண்டு. வெள்ளையருக்கும் உண்டு. நமக்கு இல்லை. ஆகவே தேட முடியாது என்று முடித்துவிடுகிறோம். இக்கருத்தை நான் ஏற்கவில்லை. குடும்பப் பெயர் இல்லாததால் நாம் வரலாற்றை இழக்கவில்லை. கேட்க வேண்டியவர்களிடம் கேட்க வேண்டிய காலத்தில் கேட்டு எழுதிவைக்காததால் இழந்தோம். இதைச் சற்று விளக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரே பெயரைப் பற்றிக்கொண்டு...

குடும்பப் பெயர் உள்ளவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். அயர்லாந்து இதற்கு நல்ல சான்று. 1845 முதல் 1852 வரை அங்கு நிலவிய கொடும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறி வெளியேறினர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்துகொண்டு தம் பூர்விகத்தைத் தேடுகின்றனர். கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு குடும்பப் பெயர் மட்டுமே.

அயர்லாந்துப் பெயர்களில் வரும் ‘மெக்’ என்பதற்கு மகன் என்று பொருள். ‘ஓ’ என்பதற்குப் பேரன் அல்லது வழித்தோன்றல் என்று பொருள். ஓ'பிரையன் என்றால் பிரையனின் வழிவந்தவன். 1014-ஆம் ஆண்டு குளோன்டார்ஃப் போரில் உயிர்நீத்த பிரையன் போரு என்ற மன்னனே அந்தப் பிரையன். ஆயிரம் ஆண்டுகளாக அப்பெயர் மாறாமல் வந்திருக்கிறது. இவ்வாறு ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொண்டு அதைத் தாங்கியோர் அனைவரையும் ஆராய்வதற்கென்றே இங்கிலாந்தில் 1979-இல் ஒரு சங்கம் தோன்றியது.

பெயர் இருந்ததால் அவர்களுக்கு எல்லாம் எளிதாகிவிட்டதா? இல்லை. 1922 ஜூன் 30-ஆம் நாள், உள்நாட்டுப் போரின்போது டப்ளின் நகரிலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்துத் தீப்பற்றி எரிந்தது. நூற்றாண்டுக் கணக்கான ஏடுகள் சாம்பலாயின. 1821 முதல் 1851 வரையிலான மக்கள் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி அத்தீயில் அழிந்தது. 1861 முதல் 1891 வரையிலான தாள்களை அரசாங்கமே ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தது. ஆகவே 1911 வரையிலான கணக்கெடுப்புகளுள் முழுமையாகக் கிடைப்பவை 1901, 1911 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவையே.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1847-க்கும் 1864-க்கும் இடையே நிலவரிக்காக எடுத்த மதிப்பீட்டு ஏட்டைப் புரட்டினார்கள். அதில் எந்த ஊரில் எந்த நிலத்தை யார் வைத்திருந்தார் என்ற குறிப்பு உண்டு. தேவாலய ஞானஸ்நான ஏடுகளைத் தேடினார்கள். தீயில் அழிந்த ஏடுகளின் படிகள் வேறு நாடுகளில் கிடக்கின்றனவா என்று தேடித் தொகுத்து, நூறாம் ஆண்டான 2022-இல் இணையத்தில் ஒரு காப்பகத்தையே திறந்துவிட்டார்கள். பெயர் அவர்களுக்குத் தொடக்கமாக மட்டுமே உதவியது. மற்றவை யாவும் உழைப்பால் வந்தவை.

நம் பெயரில் என்ன இருக்கிறது?

நம் அடையாள அட்டையைப் பாருங்கள். இன்னார் ‘ஏ/எல்’ இன்னார், இன்னார் ‘ஏ/பி’ இன்னார் என்றிருக்கும். ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ என்பவற்றின் சுருக்கம். மகன், மகள் என்று பொருள். அயர்லாந்தாரின் ‘மெக்’கும் நம் ‘ஏ/எல்’லும் பொருளில் ஒன்றுதான். அவர்களுடைய ‘மெக்’ ஒரு மூதாதையோடு உறைந்து நின்றுவிட்டது. நம்முடையது ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறிக்கொண்டே போகிறது. என் பெயரில் என் தந்தை இருக்கிறார். என் மகன் பெயரில் நான் இருக்கிறேன். அவன் பெயரில் என் தந்தை இல்லை. இரண்டே தலைமுறைதான் நம் பெயரின் நினைவாற்றல். அதிலும் தாயின் பெயருக்கு இடமே இல்லை.

ஆனால், நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தனர். பேரன் என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். அது ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. ஒன்றுவிட்ட தலைமுறைகளில் ஒரே பெயர் சுழன்று வந்தது. உறவுச் சொல்லிலேயே வரலாற்றுப் பதிவை வைத்த மொழி நம் மொழி! இன்று எண்கணிதம் பார்த்து, வாயில் நுழையாத எழுத்துகளை அடுக்கிப் பெயர் வைக்கிறோம். என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பாட்டன் பெயரைத் தாங்கிய பிள்ளை ஒருவன்கூட இல்லை.

நகரத்தார் சமூகத்தினர் வேறொரு முறையைக் கைக்கொண்டனர். பினாங்குத் தெருவில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய செட்டியார்களின் பெயர்களுக்கு முன்னே நான்கைந்து எழுத்துகள் வரிசையாக நிற்கும். அதற்கு ‘விலாசம்’ என்று பெயர். பாட்டன், பூட்டன் ஆகியோரின் முதலெழுத்துகள் அதில் அடங்கும். வணிகத்தில் கடன் பத்திரத்திற்கும் கணக்கிற்கும் அது அடையாளமாயிற்று. குடும்பத்தில் வழிமரபுக்கும் சான்றாயிற்று. அதனோடு இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது நகரக் கோயில்களுள் தம் குடும்பம் எக்கோயிலைச் சேர்ந்தது என்பதையும் அவர்கள் மறப்பதில்லை. குடும்பப் பெயர் இல்லாமலேயே பல தலைமுறையைக் காக்க முடியும் என்பதற்கு அவர்களே சான்று. கணக்கு எழுதும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் முன்னோருக்கு எழுதுகோலே எட்டாத பொருள்.

பதிவேடு பெற்றவர்களும் பெறாதவர்களும்

தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் நிலை நம்மினும் மேல். 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து ‘துரூரோ’ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது முதல் 1911 வரை நட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை ஏட்டில் எழுதப்பட்டன. மனிதரைச் சரக்காகக் கணக்கிட்ட ஏடுதான் அது. ஆயினும் இன்று கொள்ளுப்பேரன் ஒருவன் அந்த எண்ணை வைத்துக் கொள்ளுத்தாத்தாவின் கிராமத்தைக் கண்டுபிடித்துவிடுகிறான்.

நம் செபராங் பிறையிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தனர். இரப்பர் வருமுன்னே, 19-ஆம் நூற்றாண்டில், பத்து காவான், நிபோங் திபால் வட்டாரங்களின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அவர்களே. ஆனால் மலாயாவில் ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு பெருந்திரளாக வந்தவர்கள் கங்காணி முறையில் வந்தனர். கங்காணி தன் சொந்த ஊருக்கும் சுற்றூர்களுக்கும் போய், உறவினரையும் அறிந்தவரையும் திரட்டினார். கிராம முனிசீப்பின் ஒப்பத்தோடு ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாமுக்கு அழைத்து வந்தார். அங்கிருந்து கப்பல். பினாங்கை நெருங்கியதும் ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தல். பிறகு தோட்டம். உதவிக்கட்டணத்தில் தொழிலாளர்கள் வருவதை இந்திய அரசு 1938-இல் தடைசெய்யும் வரை இது தொடர்ந்தது. நட்டாலைப் போல ஒவ்வொருவருக்கும் எண்ணும் கிராமமும் எழுதிய ஏடு நம் குடும்பங்களின் கைக்கு எட்டவில்லை.

எழுதப்படாத பெயருக்கு என்ன நேரும் என்பதைச் சயாம் மரண இரயில் நமக்குக் காட்டியது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் பொறித்திருக்கின்றன. அதே இரயில் பாதையில் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் மாண்ட மலாயாத் தமிழர்கள் பல்லாயிரவர். அவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் இல்லை. இராணுவத்திடம் சிப்பாய்களின் பட்டியல் இருந்தது. நம்மவர்களுக்குப் பட்டியல் இல்லை. ‘சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை’ என்ற ஒரு வரியே பல குடும்பங்களில் எஞ்சிய வரலாறு.

ஒரு செம்பு சொன்ன செய்தி

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் தந்தையார் மறைந்த பிறகு ஓர் அலுவலகத்தில் அவருடைய ஆவணங்களைக் காட்ட வேண்டியிருந்தது. தந்தையின் பிறப்புப் பத்திரத்தில் தாத்தாவின் பெயர் ஒரு விதமாகவும், தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. எந்தக் கிராணியோ, எந்த எழுத்தரோ, காதில் விழுந்தபடி எழுதியது. இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் செய்துதர வேண்டியதாயிற்று. அப்போதுதான் அட்டையை உற்றுப் பார்த்தேன். பிறந்த இடம்: இந்தியா. அவ்வளவுதான். திருச்சிப் பக்கம் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். திருச்சிப் பக்கம் என்றால் எத்தனை நூறு ஊர்கள்!

பாட்டி உயிரோடு இருந்தபோது நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. தோட்டத்தில் சாவு விழுந்தால் அவர் ஒப்பாரி வைப்பார். அந்த ஒப்பாரியில் ஊர்ப்பெயர்கள் வரும், ஆற்றங்கரை வரும், கோயில் வரும். சிறுவர்களாகிய நாங்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தோம். ஆசிரியர் பயிற்சிக்குப் போய் நாட்டார் இலக்கியம் படித்துத் தேர்வெழுதியபோதும், என் வீட்டிலேயே ஒரு நாட்டார் பாடகி இருந்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை. பாட்டி 1998-இல் காலமானார். ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

அம்மாவின் சாமி அறையில் பித்தளைச் செம்பு ஒன்று இருந்தது. தாத்தா கப்பலில் வந்தபோது டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்தது. ஒரு பொங்கலுக்குப் புளி போட்டுத் தேய்த்தபோது கழுத்துப் பகுதியில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தெரிந்தன: தொ. பெ. க. கடைசி எழுத்து தாத்தாவின் பெயருக்கு உரியது. நடு எழுத்து அவருடைய தந்தையின் பெயருக்கு உரியது. அது அட்டையிலும் இருந்தது. அப்படியானால் முதலெழுத்து? தமிழ்நாட்டு வழக்கப்படி அது ஊராக இருக்க வேண்டும்.

பிறகு, தாத்தா இருந்த தோட்டத்திலிருந்து வெளியேறி இப்போது ஜூருவில் பிள்ளைகளோடு வாழும் முதியவர் ஒருவரைத் தேடிப் போனேன். தொண்ணூறு வயதை நெருங்கியவர். என் குடும்பத்தின் ஊர் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் கங்காணியின் ஊரைக் கேட்டதும் தயங்காமல் சொன்னார்: “தொட்டியம் தம்பி, முசிறிக்கு அந்தப் பக்கம்.” எங்கள் வீட்டில் வணங்கும் தெய்வம் மதுரகாளியம்மன். அந்த அம்மனுக்குச் சிறுவாச்சூரிலும் கோயில் உண்டு, தொட்டியத்திலும் கோயில் உண்டு. செம்பிலுள்ள ‘தொ’வும், கங்காணியின் ஊரும், அம்மனும் ஒரே இடத்தைச் சுட்டின.

இது முடிந்த முடிபன்று. அந்த ‘தொ’ வேறு ஓர் ஊராகவும் இருக்கலாம். ஆயினும் ‘இந்தியா’ என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து காவிரியின் வடகரையில் ஒரு வட்டாரம் வரை வந்து சேர்ந்துவிட்டேன். கங்காணி தன் ஊராரையே திரட்டினார் என்பதை மறவாதீர்கள். உங்கள் ஊர் தெரியாவிட்டால் உங்கள் தோட்டத்துக் கங்காணியின் ஊரைத் தேடுங்கள். அடுத்த லயத்துக் குடும்பத்தின் ஊரைத் தேடுங்கள்.

வேரைத் தேடினால் சாதி வருமே?

ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேசியபோது நண்பர் ஒருவர் கேட்டார்: “இதெல்லாம் எதற்கு? ஊரைத் தேடினால் தெருவைத் தேடுவீர்கள். தெருவைத் தேடினால் சாதி வந்துவிடும்.” அவர் அச்சம் வீணானதன்று. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கினார். பெயருக்குப் பின்னால் சாதி இல்லாத ஒரு சமுதாயமாக நாம் இங்கே நிற்பது அந்த உழைப்பின் பயன். நட்டாலுக்குப் போனவர்களின் பெயர்கள் பல குடும்பங்களில் கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்று உறைந்து குடும்பப் பெயராகிவிட்டதை நாம் பார்க்கிறோம். நமக்கு அது வேண்டாம். புதிதாய் ஒரு குடும்பப் பெயரை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் சாதியைத் துறப்பது வேறு, பாட்டியின் பெயரை மறப்பது வேறு. முன்னது நாமே எண்ணித் துணிந்த முடிவு. பின்னது கவனக்குறைவு. அதைக் கொள்கை என்று சொல்லி மறைக்கலாகாது. ஊர், பெயர், தோட்டம், கப்பல், உழைப்பு ஆகிய இவ்வைந்தையும் எழுதுவோம். ஆறாவது கட்டம் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

இவ்வார இறுதியிலேயே தொடங்கலாம். பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். ஊரிலிருந்து வந்த நீலநிற வான்மடல் ஒன்று கிடைத்தால், அதன் முதுகில் அனுப்புநர் முகவரி இருக்கும்: கிராமம், அஞ்சல், வழி, வட்டம், மாவட்டம். பணவிடைத் துண்டு, பழைய கடப்பிதழ், 1948-க்குப் பின் வழங்கிய அடையாள அட்டை, பிறப்பு இறப்புப் பத்திரங்கள், பாத்திரத்தில் வெட்டிய எழுத்து என எதையும் எறிந்துவிடாதீர்கள். பழைய தமிழ் நாளேடுகளின் இறப்பு அறிவிப்புகளில் ஊர்ப்பெயர் இருப்பதுண்டு. கத்தோலிக்கக் குடும்பத்தார் தம் பங்குக் கோயிலின் ஞானஸ்நான ஏட்டைக் கேட்டுப் பார்க்கலாம். இராஜூலா கப்பலில் வந்ததாக வீட்டில் சொல்வார்களானால், அது 1926-க்குப் பிந்திய பயணம் என்று கணக்கிடலாம். அந்தக் கப்பல் அவ்வாண்டில்தான் கட்டப்பட்டது.

பெயர்களும் தடயம் தரும். சுடலைமுத்து என்றால் திருநெல்வேலிப் பக்கம் நோக்கலாம். ஏழுமலை என்றால் வட மாவட்டங்களை நோக்கலாம். பெயர் மட்டுமே சான்றாகிவிடாது. தேடலுக்குத் திசை காட்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக முதியவர்களிடம் பேசுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். “உங்கள் ஊர் எது?” என்று மட்டும் கேட்டால் பதில் சுருங்கிவிடும். எந்தச் சந்தைக்குப் போனார்கள், எந்த ஆற்றில் குளித்தார்கள், எந்தக் கோயிலில் மொட்டையடித்தார்கள் என்று கேளுங்கள்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு சொல். குடும்ப மரப் பணியைக் கொடுக்கும்போது கவனம் தேவை. என் வகுப்பில் ஒரு மாணவி வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். அவளை வளர்ப்பவர் தாய்வழிப் பாட்டி. தந்தையின் கட்டம் மேலே பெரிதாக இருந்ததைக் கண்டதும் அவளால் எழுத முடியவில்லை. பிழை என்னுடையது. புதிய தாள் ஒன்று தயாரித்தேன். அதில் ‘என்னை வளர்த்தவர், அவரை வளர்த்தவர்’ என்று கட்டங்களை மாற்றினேன். அவள் பாட்டியின் பெயர், பாட்டியின் தாய் பெயர், அவர்கள் பால்வெட்டிய தோட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் எழுதி வந்தாள். வகுப்பிலேயே நிறைவான தாள் அவளுடையதுதான்.

‘பாட்டி’ என்று எழுதிய மாணவனும் மறுநாள் தாளைத் திருத்திக் கொண்டுவந்தான். “பாட்டிக்கு அழகான பேரு ஐயா, எங்க அப்பாவுக்கே யோசிச்சுதான் சொல்லத் தெரிஞ்சது” என்றான். அந்தக் கட்டம் இனி வெறுமையாக இருக்காது.

உங்கள் வீட்டுக் கட்டங்களை நிரப்பக்கூடியவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும்.

அன்புடன்,
புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தமிழாசிரியன்